ஜார் கோப்பு கையில் இருக்கிறது, லைப்ரரி எங்கே?

கேள்வி: ஜாவாவில் ஒரு நிரல் எழுதினேன். மூன்று வெளி லைப்ரரிகளைப் பயன்படுத்துகிறது. எடிட்டருக்குள் ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. ஜார் கோப்பாகக் கட்டி வேறொரு கணினியில் ஓட்டினால் ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்’ என்று நின்றுவிடுகிறது. லைப்ரரிகள் இருக்கும் ஃபோல்டரை -சிபி மூலம் கொடுத்தும் பார்த்தேன், அதே பிழை. என்ன செய்வது?

பதில்:

உங்கள் நிரலில் தவறு இல்லை. -சிபி கொடுத்துப் பார்த்ததும் சரியான யோசனைதான். அதை -ஜார் உடன் சேர்த்துக் கொடுத்ததில்தான் சிக்கல். ‘ஜாவா -ஜார் கணக்கு.ஜார்’ என்று ஓட்டும்போது, அந்த ஒரு ஜார்தான் எல்லாக் கிளாஸ்களுக்கும் மூலம் என்று ஜாவா எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் நீங்கள் கொடுத்த -சிபி, கணினியில் அமைத்து வைத்த கிளாஸ்பாத் மாறி, எதையும் அது பார்ப்பதே இல்லை. எச்சரிக்கை கூடத் தராது. இது பிழை இல்லை, ஆவணத்தில் எழுதியே வைத்திருக்கும் நடத்தை. ஆனால் ஜாவா கற்றுக்கொள்ளும் ஒவ்வொருவரும் ஒரு நாளாவது இதில் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் மாட்டியிருக்கிறேன்.

(கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.)

தீர்வுக்குப் போவதற்கு முன், எடிட்டருக்குள் ஓடியது வெளியே ஏன் ஓடவில்லை என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். இது புரிந்துவிட்டால் இனி வரும் பிழைகளில் பாதியை நீங்களே தீர்த்துவிடுவீர்கள்.

ஜார் என்பது அடிப்படையில் ஒரு ஜிப் கோப்பு. பெயரை மாற்றி எந்த ஜிப் மென்பொருளிலும் திறந்து பார்க்கலாம். உள்ளே நீங்கள் எழுதிய நிரலிலிருந்து உருவான கிளாஸ் கோப்புகளும், மெட்டா-இன்ஃப் என்ற ஃபோல்டரில் மேனிஃபெஸ்ட் என்ற சிறு உரைக் கோப்பும் இருக்கும். நீங்கள் பயன்படுத்திய லைப்ரரிகள் இருக்காது. கம்பைல் செய்யும்போது லைப்ரரியைத் திறந்து, ‘இந்தப் பெயரில் ஒரு கிளாஸ் இருக்கிறதா, அதில் இந்த மெத்தட் இருக்கிறதா’ என்று சரிபார்ப்பதோடு கம்பைலரின் வேலை முடிந்துவிடுகிறது. உங்கள் கிளாஸ் கோப்பில் பதிவாவது அந்தப் பெயர் மட்டும்தான். நிரல் ஓடும்போது அந்தப் பெயருக்கு உரிய கோப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது வேறொருவரின் வேலை: கிளாஸ் லோடர். அதற்குத் தேடும் இடங்களைச் சொல்லும் பட்டியல்தான் கிளாஸ்பாத். -சிபி என்பது அதன் சுருக்கம்தான்.

எடிட்டர் செய்தது என்னவென்றால், நீங்கள் ஓட்டும் பொத்தானை அழுத்தியதும், எல்லா லைப்ரரிகளின் முழுப் பாதையையும் கோத்து ஒரு நீண்ட கட்டளையை உங்களுக்காக எழுதி ஓட்டியது. சில எடிட்டர்களில் ஓட்டும் ஜன்னலின் முதல் வரியிலேயே அந்தக் கட்டளை சுருங்கிக் கிடக்கும். விரித்துப் பாருங்கள். வெளியே வந்தவுடன் அந்த உதவி நின்றுபோகிறது. அந்தப் பட்டியலை இனி நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ஜாவா எல்லாக் கிளாஸ்களையும் தொடக்கத்திலேயே ஏற்றுவதில்லை. ஒரு கிளாஸ் முதல் முறை தேவைப்படும்போதுதான் தேடப் போகும். அதனால் ‘ஜார் திறக்கிறது, முகப்புத் திரை வருகிறது’ என்பதை வைத்து எல்லாம் சரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு முறை நான் கட்டிக் கொடுத்த நிரல் மூன்று வாரம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. மாதக் கடைசியில் அறிக்கையைப் பிடிஎஃப் ஆக்க யாரோ முதல் முறையாகப் பொத்தானை அழுத்தினார்கள். அப்போதுதான் பிடிஎஃப் லைப்ரரி ஃபோல்டரில் இல்லை என்று தெரிந்தது. அன்று அந்த அறிக்கைக்காகக் காத்திருந்தவர்களின் ஒரு நாள் என்னால் வீணானது. அதிலிருந்து, லைப்ரரியைத் தொடும் ஒவ்வொரு வசதியையும் ஒரு முறையாவது ஓட்டிப் பார்க்காமல் நான் எதையும் கொடுப்பதில்லை.

சரி, பிழைச் செய்தியை எப்படிப் படிப்பது? பலரும் முதல் வரியைப் பார்த்ததும் பயந்து நகலெடுத்துத் தேடப் போய்விடுகிறார்கள். அந்த வரியிலேயே பதில் பாதி இருக்கும். ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்: காம்/கூகுள்/ஜீசன்/ஜீசன்’ என்று வந்தால், சாய்கோடுகளுக்கு இடையில் இருப்பது பேக்கேஜ் பெயர். கூகுளின் ஜீசன் லைப்ரரி கிடைக்கவில்லை என்று அதுவே சொல்லிவிடுகிறது. இதன் உறவுக்காரர் ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்ஸெப்ஷன்’. ஒரு கிளாஸைப் பெயர் கொடுத்து, ஓடும் நேரத்தில் ஏற்றச் சொல்லும்போது அது வரும். பழைய பாணியில் டேட்டாபேஸ் டிரைவரைப் பெயர் சொல்லி ஏற்றும் நிரல்களில் அடிக்கடி பார்க்கலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: விடுபட்ட ஜாரைக் கிளாஸ்பாத்தில் சேர்ப்பது.

ஆனால் ‘நோ கிளாஸ் டெஃப்’ பிழைக்கு இன்னொரு முகம் உண்டு. பெயருக்கு முன்னால் ‘குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்’ என்று இருந்தால், கிளாஸ் கிடைத்துவிட்டது, ஆனால் அதன் ஸ்டாட்டிக் பகுதி (கிளாஸ் முதல் முறை தயாராகும்போது ஓடும் பகுதி) முன்பு ஒரு முறை ஓடும்போது வெடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் எத்தனை ஜாரைச் சேர்த்தாலும் பயனில்லை. லாகில் (நிரல் எழுதி வைக்கும் செய்திப் பதிவில்) மேலே போய் ‘எக்ஸெப்ஷன் இன் இனிஷியலைசர் எரர்’ என்ற முந்தைய செய்தியைத் தேட வேண்டும். உண்மைக் காரணம் அங்கேதான் இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஜார்களை மாற்றி மாற்றிப் போட்டு நாள் கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் பிரச்சினைக்கு மூன்று வழிகள். மூன்றையும் ஒரே தராசில் வைக்கப் போவதில்லை. எனக்குப் பிடித்தது இரண்டாவது.

முதல் வழி, -ஜார் என்பதை விட்டுவிட்டு -சிபி மட்டும் பயன்படுத்துவது. கணக்கு.ஜார் பக்கத்தில் லிப் என்று ஒரு ஃபோல்டர் வைத்து, அதில் எல்லா லைப்ரரிகளையும் போடுங்கள். பிறகு ஜாவா -சிபி "கணக்கு.ஜார்:லிப்/*" என்று எழுதி, அதன் பின்னால் மெயின் மெத்தட் உள்ள கிளாஸின் முழுப் பெயரைப் பேக்கேஜோடு சேர்த்துக் கொடுங்கள். லினக்ஸ், மேக் இரண்டிலும் பாதைகளைப் பிரிப்பது முக்காற்புள்ளி (:). விண்டோஸில் அரைப்புள்ளி (;). ஒன்றில் எழுதிய கட்டளையை மற்றொன்றில் அப்படியே ஒட்டினால் ஓடாது.

நட்சத்திரக் குறியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஜாவா 6 முதல் இந்த வசதி இருக்கிறது. லிப்/* என்றால் அந்த ஃபோல்டரில் உள்ள எல்லா ஜார் கோப்புகளும். உள் ஃபோல்டர்களுக்குள் அது போகாது. தனிக் கிளாஸ் கோப்புகளையும் எடுக்காது. லிப்/*.ஜார் என்று எழுதினால் ஜாவாவுக்குப் புரியாது, அங்கே நட்சத்திரம் மட்டும்தான் இருக்க வேண்டும். மேற்கோள் குறி எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் சில சமயம் ஷெல் (டெர்மினலில் உங்கள் கட்டளையைப் படிக்கும் நிரல்) முந்திக்கொண்டு நட்சத்திரத்தை விரித்துவிடும். -சிபி லிப்/* என்று குறி இல்லாமல் எழுதினால், முதல் ஜார் மட்டும் கிளாஸ்பாத் ஆகி, இரண்டாவது ஜாரின் பெயரையே மெயின் கிளாஸ் என்று ஜாவா நினைத்துக்கொள்ளும். ‘மெயின் கிளாஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று ஒரு ஜாரின் பெயரைச் சொல்லி அது புலம்பினால், காரணம் இதுதான்.

இன்னொன்று, லிப்/கோப்பு.ஜார் என்பது போன்ற பாதைகள் டெர்மினலில் நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலிருந்து கணக்கிடப்படும். வேறு ஃபோல்டரிலிருந்து ஓட்டினால் லிப் கிடைக்காது. இந்தக் கட்டளையை ஒரு சிறு ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி, முதல் வரியில் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்கே போய்விடச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

இரண்டாவது வழி, மேனிஃபெஸ்ட் கோப்பில் எழுதி வைப்பது. ‘மெயின்-கிளாஸ்’ என்ற வரியில் எங்கிருந்து தொடங்குவது என்றும், ‘கிளாஸ்-பாத்’ என்ற வரியில் எந்தெந்த ஜார்கள் தேவை என்றும் எழுதிவிட்டால், ‘ஜாவா -ஜார் கணக்கு.ஜார்’ என்பதே போதும். இந்த வரியை -ஜார் மதிக்கும். இங்கே பாதைகள் கணக்கிடப்படுவது ஜார் இருக்கும் இடத்திலிருந்து. டெர்மினலில் எங்கே நிற்கிறீர்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை. முழு ஃபோல்டரையும் வேறு கணினிக்கு நகர்த்தினாலும் அப்படியே ஓடும். இதற்காகவே எனக்கு இந்த வழி பிடிக்கும்.

ஆனால் மேனிஃபெஸ்ட் கோப்பைக் கையால் எழுதாதீர்கள். அதன் விதிகள் கறாரானவை. ஒரு வரியில் 72 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. மீறினால் அடுத்த வரியை ஒரு இடைவெளியோடு தொடங்கித் தொடர வேண்டும். ஜார்களுக்கு இடையில் வெறும் இடைவெளிதான், முக்காற்புள்ளியோ அரைப்புள்ளியோ கிடையாது. நட்சத்திரக் குறி இங்கே வேலை செய்யாது, ஒவ்வொரு ஜாரின் பெயரையும் தனித்தனியாக எழுத வேண்டும். கோப்பின் கடைசி வரிக்குப் பின் ஒரு முறை என்டர் தட்டாவிட்டால் அந்த வரி இல்லாததாகவே ஆகிவிடலாம். இவை எல்லாவற்றையும் விட மோசமானது, பட்டியலில் உள்ள ஒரு ஜார் உண்மையில் இல்லாவிட்டால் ஜாவா வாயே திறக்காது. அந்தக் கிளாஸ் தேவைப்படும் நேரத்தில்தான் விழும்.

லைப்ரரிகளைத் தானே இறக்கி நிரலைக் கட்டித் தரும் மேவன் என்ற கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதன் ஜார் ப்ளகினில் ‘ஆட் கிளாஸ்பாத்’ என்பதை ட்ரூ ஆக்கி, ‘கிளாஸ்பாத் ப்ரிஃபிக்ஸ்’ என்பதற்கு லிப்/ என்று கொடுங்கள். பட்டியலை அதுவே எழுதிக்கொள்ளும். லைப்ரரிகளைத் திரட்டி லிப் ஃபோல்டரில் போட டிபென்டென்சி ப்ளகினின் ‘காப்பி-டிபென்டென்சிஸ்’ இருக்கிறது. அதில் ஸ்கோப்பை ரன்டைம் என்று குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் சோதனைக்கு மட்டும் தேவையான ஜேயூனிட் போன்றவையும் உள்ளே வந்து குவியும். அதே வேலையைச் செய்யும் இன்னொரு கருவியான கிரேடிலில் ‘அப்ளிகேஷன்’ ப்ளகினைச் சேர்த்து ‘இன்ஸ்டால்டிஸ்ட்’ என்று ஓட்டினால் போதும். அது ‘பின்’ (bin), ‘லிப்’ (lib) என்று இரண்டு ஃபோல்டர்களை உருவாக்கி, லைப்ரரிகளை ‘லிப்’ ஃபோல்டரிலும், லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் தனித்தனி ஓட்டும் ஸ்கிரிப்டுகளை ‘பின்’ ஃபோல்டரிலும் வைத்துத் தரும். அதை ஜிப் ஆக்கித் தர ‘டிஸ்ட்ஜிப்’ என்று இன்னொரு கட்டளையும் உண்டு. கிரேடில் பயன்படுத்துபவர்கள் வேறு எதையும் தேடிப் போகத் தேவையில்லை என்பது என் கருத்து.

இந்த இரண்டு கருவிகளும் இல்லாமல், லைப்ரரிகளை இணையத்திலிருந்து நீங்களே இறக்கிச் சேர்த்திருந்தால், இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. மூன்று லைப்ரரிகள் என்று சொல்கிறீர்கள். அந்த மூன்றும் வேறு எதையாவது நம்பி இருக்கும். அந்த வேறு எதுவும் இன்னும் சிலவற்றை நம்பி இருக்கும். மூன்று என்று தொடங்குவது எளிதாகப் பதினைந்தில் போய் நிற்கும். கையால் துரத்தினால் ஒரு பிழை, ஒரு ஜார், அடுத்த பிழை, அடுத்த ஜார் என்று முடிவே இல்லாமல் போகும். ஒரு மாலை நேரத்தைச் செலவழித்து மேவனையோ கிரேடிலையோ கற்றுக்கொள்ளுங்கள். ‘டிபென்டென்சி:ட்ரீ’ என்று மேவனிடம் கேட்டால், எது எதைக் கூட்டிக்கொண்டு வந்தது என்று மரம் போல வரைந்து காட்டும். முதல் முறை பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள்.

மூன்றாவது வழி, எல்லாவற்றையும் ஒரே ஜாருக்குள் திணிப்பது. கொழுத்த ஜார், ஃபேட் ஜார் என்பார்கள். அனுப்புவதற்கு ஒரே கோப்பு என்பதால் எல்லோரும் இதை நோக்கித்தான் ஓடுகிறார்கள். உங்களுக்கும் இதைத்தான் பலர் முதலில் சொல்வார்கள். நான் தடுக்கவில்லை, ஆனால் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

முதலில், ஜாருக்குள் ஜாரை வைத்தால் ஜாவாவின் வழக்கமான கிளாஸ் லோடர் அதைத் திறந்து பார்க்காது. ஆகவே லைப்ரரி ஜார்களை அப்படியே உள்ளே போட்டுவிட்டு ‘இப்போதும் கிடைக்கவில்லையே’ என்று வருந்த வேண்டாம். ஸ்ப்ரிங் பூட் என்ற ஃப்ரேம்வொர்க்கில் மட்டும் எப்படி ஓடுகிறது என்றால், அவர்கள் சொந்தமாக ஒரு கிளாஸ் லோடரையும், அதைத் தொடங்கி வைக்கும் ஒரு லாஞ்சரையும் எழுதி, அந்த லாஞ்சரையே ஜாரின் மெயின் கிளாஸாக வைத்திருக்கிறார்கள். அது முதலில் எழுந்து, பூட்-இன்ஃப் ஃபோல்டருக்குள் இருக்கும் ஜார்களைப் படித்து, அதன் பிறகு உங்கள் நிரலைக் கூப்பிடுகிறது. மற்றவர்கள் செய்வது, எல்லா ஜார்களையும் பிரித்து, உள்ளே இருக்கும் கிளாஸ் கோப்புகளை ஒரே குவியலாகக் கலந்து, மறுபடி ஒரு ஜாராகக் கட்டுவது. மேவனின் ஷேட் ப்ளகின், கிரேடிலின் ஷேடோ ப்ளகின் இரண்டும் இதற்குத்தான்.

கலக்கும்போது ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் வந்தால் என்ன ஆகும்? ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். கிளாஸ் கோப்புகளில் இது அபூர்வம். மெட்டா-இன்ஃப்பின் கீழ் உள்ள சர்வீசஸ் ஃபோல்டரில் இது அடிக்கடி நடக்கும். ஜாவா நிரலை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவர்கள் தங்களை அறிவித்துக்கொள்வது அங்கே இருக்கும் ‘ஜாவா.எஸ்க்யூஎல்.டிரைவர்’ என்ற கோப்பின் மூலம். மைஎஸ்க்யூஎல் டிரைவரிலும் போஸ்ட்கிரெஸ் டிரைவரிலும் அதே பெயரில் கோப்பு இருக்கிறது. இரண்டையும் பயன்படுத்தும் நிரலைக் கொழுத்த ஜாராக்கினால் ஒன்றின் அறிவிப்பு தொலைந்துபோகும். பிறகு ‘நோ சூட்டபிள் டிரைவர்’ என்று பிழை வரும். ஜாரைத் திறந்து பார்த்தால் டிரைவரின் கிளாஸ் கோப்புகள் எல்லாமே பத்திரமாக இருக்கும், அதனால்தான் இது தலையைச் சுற்ற வைக்கிறது. ஷேட் ப்ளகினில் ‘சர்வீசஸ் ரிசோர்ஸ் டிரான்ஸ்ஃபார்மர்’ என்பதைச் சேர்த்தால் இந்தக் கோப்புகளை ஒன்றாக இணைத்து எழுதும். ஷேடோ ப்ளகினில் அதன் பெயர் ‘மெர்ஜ் சர்வீஸ் ஃபைல்ஸ்’.

அடுத்தது கையெழுத்து. பவுன்சி காசில் போன்ற குறியாக்க லைப்ரரிகள் டிஜிட்டல் கையெழுத்திட்ட ஜார்களாக வருகின்றன. அதைப் பிரித்துக் கலந்தால் பழைய கையெழுத்துக் கோப்புகள் புதிய ஜாருக்குள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். உள்ளடக்கம் பொருந்தாததால், ‘இன்வேலிட் சிக்னேச்சர் ஃபைல் டைஜஸ்ட்’ என்று சொல்லி ஜாவா நிரலைத் தொடங்கவே மறுக்கும். மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் எஸ்எஃப், டிஎஸ்ஏ, ஆர்எஸ்ஏ என்று முடியும் கோப்புகளை விலக்கச் சொல்லி ப்ளகினில் எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடும். குறியாக்க லைப்ரரியை மட்டும் கலக்காமல் தனி ஜாராகவே வைப்பது இன்னும் நல்லது. சில ஜாவா வெளியீடுகள் அந்தக் கையெழுத்தையே கேட்டுச் சரிபார்க்கும்.

என் தயக்கத்துக்குப் பெரிய காரணம் வேறு. 2021 டிசம்பரில், லாக் எழுதப் பயன்படும் லாக்4ஜே 2 லைப்ரரியில் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. லாகில் எழுதப்படும் ஒரு சொற்றொடரை வைத்தே வெளியாள் ஒருவர் உங்கள் சர்வரில் தன் நிரலை ஓட்ட முடியும் என்ற அளவுக்கு மோசமான ஓட்டை அது. 2.15 வந்தது, அது போதவில்லை என்று 2.16, அப்புறம் 2.17 என்று அடுத்தடுத்துத் திருத்தங்கள் வந்தன. லிப் ஃபோல்டர் வைத்திருந்தவர்கள் கோப்புப் பெயரைப் பார்த்ததும் தங்களிடம் எந்த வெர்ஷன் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு ஜாரைத் தூக்கிவிட்டுப் புதியதை வைத்து, நிரலை மறுபடி தொடங்கினார்கள். (மேனிஃபெஸ்டில் பெயர் எழுதியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும், அது ஒன்றுதான் கூடுதல் வேலை.) கொழுத்த ஜார் வைத்திருந்தவர்களுக்கு, லாக்4ஜே உள்ளே இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிட்டது. மூல நிரல் கைவசம் இல்லாத பழைய ஜார்களை மறுபடி கட்டவும் வழியில்லை. ஓட்டும் இடத்தில் எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன் என்று வெறும் கண்ணால் பார்க்க முடிவது எவ்வளவு பெரிய வசதி என்று அந்த நாட்களில்தான் பலருக்கும் உறைத்தது. உங்கள் நிரலைப் பல ஆண்டு ஓட்டப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து லிப் ஃபோல்டர் வழியில் போங்கள்.

எல்லா ஜாரும் இருந்தும் ஓடாத நிலை ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘நோ சச் மெத்தட் எரர்’ என்று வந்தால் கிளாஸ் கிடைத்திருக்கிறது, ஆனால் நீங்கள் கம்பைல் செய்தபோது இருந்த மெத்தட் அதில் இல்லை. அதாவது வேறு வெர்ஷன் ஏறியிருக்கிறது. ஒரே லைப்ரரியின் இரண்டு வெர்ஷன்கள் லிப் ஃபோல்டரில் கிடந்தால், கிளாஸ்பாத்தில் எது முதலில் வருகிறதோ அதுதான் வெல்லும். நட்சத்திரக் குறி கொடுத்திருந்தால் எது முதலில் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. உங்கள் கணினியில் ஓடியது பக்கத்துக் கணினியில் ஓடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். லிப் ஃபோல்டரைப் பெயர் வரிசையில் பார்த்து, ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஒன்றை நீக்குங்கள். புதிய வெர்ஷனைப் பழையதன் மேல் ‘சேர்த்து’ வைப்பதால் வருவதுதான் இது. ஒவ்வொரு முறையும் லிப் ஃபோல்டரை முழுதாகக் காலி செய்துவிட்டு நிரப்பினால் வராது.

மேவனும் கிரேடிலும் இரண்டு வெர்ஷன் வராமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கின்றன, ஆனால் தேர்ந்தெடுக்கும் முறை வேறு. மரத்தில் உங்கள் நிரலுக்கு எது அருகில் இருக்கிறதோ அதை மேவன் எடுக்கும், அது பழையதாக இருந்தாலும் சரி. கிரேடில் பொதுவாக உயர்ந்த வெர்ஷனை எடுக்கும். மேவனில் இருந்த திட்டத்தைக் கிரேடிலுக்கு மாற்றியதும் புதிதாகப் பிழை முளைத்தால் முதலில் இங்கே பாருங்கள்.

எந்தக் கிளாஸ் எந்த ஜாரிலிருந்து ஏறியது என்று ஜாவாவிடமே கேட்கலாம். கட்டளையில் -வெர்போஸ்:கிளாஸ் என்று சேர்த்தால், ஏற்றும் ஒவ்வொரு கிளாஸையும், அது வந்த ஜாரின் பாதையையும் வரி வரியாகக் கொட்டும். ஆயிரக்கணக்கான வரிகள் வரும். ஒரு கோப்பில் சேமித்து, பிழையில் வந்த கிளாஸின் பெயரைத் தேடுங்கள். யூகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை விட இது எவ்வளவோ மேல். ஒரு ஜாருக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்க ‘ஜார் டிஎஃப் கோப்பு.ஜார்’ போதும். ஓட்டாமலேயே என்ன குறைகிறது என்று பார்க்க ஜேடிகேயுடன் (ஜாவா நிரல் எழுதுபவர்களுக்கான தொகுப்புடன்) வரும் ‘ஜேடெப்ஸ்’ என்ற கருவி இருக்கிறது. கிளாஸ்பாத்தைக் கொடுத்து ஓட்டினால், கிடைக்காதவற்றுக்கு நேரே ‘நாட் ஃபவுண்ட்’ என்று எழுதும். பெயரை உரையாகக் கொடுத்து ஏற்றப்படும் கிளாஸ்கள் மட்டும் அதன் கண்ணுக்குப் படாது. ஜேடிபிசி டிரைவர், லாக் எழுதும் பகுதி போன்றவை அந்த வகை.

மற்ற கணினியில் இருக்கும் ஜாவா எந்த வெர்ஷன் என்பதையும் பார்த்துவிடுங்கள். ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்’ என்று வந்தால் கூடவே ஒரு எண் வரும். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. அந்த எண் உங்கள் நிரலுடையதாகவும் இருக்கலாம், லைப்ரரியுடையதாகவும் இருக்கலாம். ஸ்ப்ரிங் ஃப்ரேம்வொர்க் 6-க்கு ஜாவா 17 வேண்டும், உங்கள் நிரலை ஜாவா 8-க்கு ஏற்பக் கம்பைல் செய்தாலும் அது மாறாது. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. எக்ஸ்எம்எல் கையாளும் ஜேஏஎக்ஸ்பி (JAXB), ஜாவா 8-இல் கூடவே வந்தது. 2018-இல் வந்த ஜாவா 11-இல் அது எடுக்கப்பட்டுவிட்டது. பழைய நிரலைப் புதிய ஜாவாவில் ஓட்டும்போது ‘ஜாவாஎக்ஸ்/எக்ஸ்எம்எல்/பைண்ட்’ என்று தொடங்கும் கிளாஸைக் காணோம் என்று வந்தால், அதையும் இனி வெளி லைப்ரரியாக நீங்களே சேர்க்க வேண்டும்.

உங்கள் மூன்று லைப்ரரிகளில் ஒன்று, ஜன்னல், பொத்தான் போன்றவற்றை வரையும் ஜாவாஎஃப்எக்ஸ் என்றால் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. அதன் ஜார்களுக்குள் சி மொழியில் எழுதி, ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனியாகக் கட்டிய பகுதிகள் இருக்கின்றன. லினக்ஸில் திரட்டிய லிப் ஃபோல்டர் விண்டோஸில் உதவாது. எஸ்க்யூலைட் டிரைவர் போன்ற வேறு சிலவற்றிலும் இப்படி நேட்டிவ் பகுதிகள் உண்டு, ஆனால் எஸ்க்யூலைட் டிரைவர் பல இயங்குதளங்களுக்கானவற்றை ஒரே ஜாரில் வைத்துக்கொண்டு ஓடும்போது பொருத்தமானதைப் பிரித்தெடுத்துக்கொள்கிறது. நேட்டிவ் பகுதி கிடைக்காவிட்டால் பிழையின் பெயரே வேறு: ‘அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர்’. அதற்குக் கிளாஸ்பாத்தை மாற்றிப் பயனில்லை.

ஓட்டப் போகிறவர்கள் ஜாவா என்றால் என்னவென்றே தெரியாதவர்களாக இருந்தால், ஜாவாவையும் சேர்த்தே கொடுத்துவிடலாம். ஜாவா 16 முதல் ‘ஜேபேக்கேஜ்’ என்ற கருவி நிலையான பகுதியாக வருகிறது. உங்கள் ஜார், லிப் ஃபோல்டர், ஜாவாவின் தேவையான பகுதி மூன்றையும் சேர்த்து விண்டோஸ், மேக், லினக்ஸ் நிறுவிகளை அது கட்டித் தரும். எந்த இயங்குதளத்துக்குக் கட்டுகிறீர்களோ அந்த இயங்குதளத்திலேயே அதை ஓட்ட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

உங்கள் நிலைமைக்கு நான் செய்யச் சொல்வது: இன்றைக்கே லிப் ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, மேற்கோள் குறியோடு -சிபி கட்டளையை ஓட்டிப் பாருங்கள். -ஜார் வேண்டாம். ஓடினால் எல்லா லைப்ரரிகளும் இருக்கின்றன என்று தெரிந்துவிடும். அதன் பிறகு மேனிஃபெஸ்டை மேவன் மூலமோ கிரேடில் மூலமோ எழுத வையுங்கள். கட்டி முடித்ததும், ஜாரையும் லிப் ஃபோல்டரையும் திட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காலி ஃபோல்டருக்கு நகலெடுத்து, வேறு ஒரு ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டுங்கள். திட்ட ஃபோல்டருக்குள் இருந்தபடியே சோதித்தால், அங்கே கிடக்கும் ஏதாவது ஒரு அமைப்புக் கோப்போ படமோ உங்களுக்குத் தெரியாமலேயே உதவிக்கொண்டிருக்கும். லிப் ஃபோல்டரிலிருந்து ஒரு ஜாரை வேண்டுமென்றே எடுத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பிழை வரத்தான் வேண்டும். வரவில்லை என்றால் அந்த லைப்ரரி வேறு எங்கிருந்தோ வருகிறது, அல்லது அதைத் தொடும் பகுதியை நீங்கள் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.

இதற்குப் பிறகும் நின்றால், பிழைச் செய்தியின் முதல் வரியோடு, ‘காஸ்டு பை’ என்று கடைசியாக வரும் பகுதியையும், ‘ஜாவா -வெர்ஷன்’ சொல்லும் எண்ணையும், லிப் ஃபோல்டரில் உள்ள கோப்புப் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள். அந்த நான்கும் இருந்தால் எந்த ஜாரில் கை வைக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.